காணாமல் போன ஒரு ‘ல’: செய்தி டெஸ்க்கில் செயற்கை நுண்ணறிவு

பேச்சை எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று ஒரு விவசாயி சொன்னதைத் தலைகீழாக எழுத, நாங்கள் அதை அப்படியே ஒளிபரப்பிய கதை இது. சென்னையில் இயங்கும் ஒரு தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியில் 2025-ல் நடந்தது. நிறுவனம், கருவி, மனிதர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. அங்கே, வந்த செய்திகளை ஒளிபரப்புக்குத் தயார் செய்யும் அவுட்புட் டெஸ்க்கின் பொறுப்பு என்னுடையது. கீழே வரும் பிழையில் கடைசியாக ‘சரி’ என்று ஒப்புதல் கொடுத்தவனும் நான்தான். இதே மாதிரிக் கருவியைத் தங்கள் டெஸ்க்குக்குக் கொண்டுவர யோசிக்கும் சக ஊடகக்காரர்களுக்காக இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

பின்னணி

செய்தி டிவியில் வேலை பார்க்காதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். மாவட்ட நிருபர் கைப்பேசியில் ஒருவரைப் பேசவைத்து எடுத்து அனுப்புவதைப் பைட் என்போம். இன்புட் டெஸ்க் அதை வாங்கி வைக்கும். எங்கள் டெஸ்க்கில் ஒரு உதவி ஆசிரியர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்பார். எங்கிருந்து எங்கே வெட்டுவது என்று குறிப்பார், ஸ்கிரிப்ட் எழுதுவார், பேசியவர் பெயரை ஆஸ்டனுக்கு (திரையின் கீழே வரும் பெயர்ப் பட்டை) கொடுப்பார், பிறகு ரன்டவுனில் (செய்திகளின் வரிசைப் பட்டியல்) ஏற்றுவார். வாசிப்பாளர் டெலிபிராம்ப்டரில் படிப்பது இப்படி வந்த எழுத்தைத்தான்.

இதில் அதிக நேரம் பிடிப்பது கேட்பது. மாலை ஐந்து மணிக்கு மேல் முப்பத்தெட்டு மாவட்டங்களிலிருந்தும் பைட் குவியும். ஏழு மணி செய்தியறிக்கைக்கு எல்லாவற்றையும் கேட்டு முடிக்க ஆள் போதாது.

நிர்வாகம் செயற்கை நுண்ணறிவு என்று பேச ஆரம்பித்தது 2023-ல். அந்த மார்ச்சில் இந்தியா டுடே குழுமம் ‘சனா’ என்ற செயற்கை வாசிப்பாளரை அறிமுகம் செய்தது. ஜூலையில் ஒடிசாவின் ஓடிவி ‘லிசா’வைக் கொண்டுவந்தது. 2024 மே 26 முதல் தூர்தர்ஷனின் விவசாயச் சேனலான டிடி கிசானில் கிரிஷ், பூமி என்று இரண்டு செயற்கை வாசிப்பாளர்கள் வந்தார்கள். ‘நமக்கும் ஒன்று வேண்டும்’ என்ற பேச்சு ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தது. எங்கள் குரல் கலைஞர் ஒருவரின் குரலை நகலெடுத்து இரவுச் செய்திக்குப் பயன்படுத்தலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அவர் ஒரே கேள்வி கேட்டார்: “சார், நான் வேலையை விட்டுப் போன பிறகும் அது பேசுமா?” யாரிடமும் பதில் இல்லை. அதே ஆண்டுத் தொடக்கத்தில், மறைந்த இரண்டு பாடகர்களின் குரலைச் செயற்கையாக உருவாக்கிப் பாடலில் சேர்த்த ஏ.ஆர்.ரகுமான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொல்லியிருந்தார். எங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு ஒப்பந்தம் எழுதும் எண்ணமே யாருக்கும் இருக்கவில்லை.

2024 அக்டோபரில் போலந்து நாட்டின் ஓஎஃப்எஃப் ரேடியோ கிராக்கோவ் செயற்கைத் தொகுப்பாளர்களை வைத்து நிகழ்ச்சி தொடங்கியது. 2012-லேயே இறந்துவிட்ட கவிஞர் விஸ்வாவா சிம்போர்ஸ்காவின் ‘பேட்டி’யையும் ஒலிபரப்பியது. கடும் எதிர்ப்பு கிளம்பவே ஒரே வாரத்தில் அதை நிறுத்திவிட்டது. இந்தச் செய்தி வந்த பிறகுதான் எங்கள் நிர்வாகம் வாசிப்பாளர் திட்டத்தை ஒதுக்கி வைத்தது.

வாசிப்பாளரால் எங்களுக்கு ஒரு நாளும் தாமதம் ஆனதில்லை, பைட் கேட்பதில்தான் எங்கள் நேரமெல்லாம் போகிறது என்று டெஸ்க் எடுத்துச் சொன்னது. அதை ஏற்றுக்கொண்டு, பேச்சை எழுத்தாக்கும் கருவி ஒன்றை 2025 பிப்ரவரியில் வாங்கினார்கள். அந்தத் தேர்வு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். தவறு அதன் பிறகு நடந்தது.

முதல் நான்கு மாதங்களில் கவனித்தது

கருவி மூன்று வேலை செய்தது. முதலில் பேச்சைக் கேட்டு, கேட்டபடி எழுதும். அடுத்து அந்தப் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றும். கடைசியில் தலைப்பும், திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் வரியும் எழுதித் தரும். டெஸ்க்கில் இருப்பவருக்குத் திரையில் தெரிந்தது இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே. முதலாவதைப் பார்க்கத் தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதை யாரும் அழுத்துவதில்லை.

நீளமான பேச்சுகளில் அது அருமையாக வேலை செய்தது. நாற்பது நிமிடச் செய்தியாளர் சந்திப்பை முன்பு இரண்டு பேர் பிரித்துக்கொண்டு கேட்போம். இப்போது எழுத்தில் தேடி, ஒரு வரியைத் தொட்டால் காணொலி அந்த இடத்துக்கே போய் நின்றது. பட்ஜெட் நாளில் இதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

மாவட்டப் பைட்டுகளில் நிலைமை வேறு. தலைஞாயிறு நாகை மாவட்டத்தில் ஒரு ஊர். ‘தலைஞாயிறுல கூட்டம்’ என்று நிருபர் சொன்னதைக் கருவி ‘ஞாயிற்றுக்கிழமை கூட்டம்’ என்று எழுதியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பெண்மணி, குழாயில் ‘வெள்ளம்’ வந்து நாலு நாள் ஆச்சு, இன்னும் வரல்லை என்று புகார் சொன்னார். குமரிப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். கருவி அந்தச் சொல்லைச் சரியாகவே எழுதிவிட்டு, ‘வெள்ள அபாயம் இல்லை: பொதுமக்கள் தகவல்’ என்று தலைப்புக் கொடுத்தது. அன்று பணியில் இருந்த உதவி ஆசிரியர் நாகர்கோவில்காரர் என்பதால் உடனே பிடித்துவிட்டார்.

இரண்டையும் டெஸ்க்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாகர்கோவில்காரர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவும் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, அது எனக்கு அப்போது கண்ணில் படவில்லை. முதல் மாதம் எல்லோரும் கருவியின் எழுத்தைப் படித்துவிட்டுப் பைட்டையும் கேட்டார்கள். ஏப்ரலில் சந்தேகம் வந்தால் மட்டும் கேட்டார்கள். கருவி தரும் தமிழ் பத்திரிகைத் தமிழ்போலச் சுத்தமாக இருந்ததால் சந்தேகமே வருவதில்லை. திக்கல், தடுமாற்றம், பாதியில் நின்ற வாக்கியம் என்று எதுவும் அதில் இருக்காது. பேசியவர் தடுமாறிய இடத்தில்தான் நாம் வழக்கமாக நின்று, திரும்பக் கேட்போம். அந்தத் தடுமாற்றத்தைக் கருவி துடைத்துக் கொடுத்துவிட்டது.

அன்று மாலை

மேட்டூர் அணை 2025 ஜூன் 12 அன்று குறுவை நெல் சாகுபடிக்காகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால்களின் கடைசிப் பகுதியான கடைமடைக்குப் போய்ச் சேர நாளாகும். ஒவ்வொரு ஆண்டும் அந்த இடைவெளியில், வந்துவிட்டதா இல்லையா என்பதுதான் டெல்டாவின் செய்தி. அதிகாரிகள் ஒன்று சொல்வார்கள், வயலில் நிற்பவர் வேறொன்று சொல்வார். அதனால்தான் நிருபரை அனுப்புகிறோம்.

ஜூன் கடைசி வாரத்தில் நாகை மாவட்டத்தின் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் நிருபர் ஒரு பைட் அனுப்பினார். அறுபது வயதைத் தாண்டிய விவசாயி வாய்க்கால் கரையில் நின்று பேசுகிறார். நல்ல காற்று. அவர் சொன்னது இது:

“தொறந்தாங்க, சரி. மேல எல்லாம் போவுது. எங்க வாய்க்காலுக்கு வந்து சேரல. நாத்து விட்டு வச்சிருக்கேன், அஞ்சு மா.”

கருவி திரையில் காட்டியது இது:

‘தண்ணீர் திறக்கப்பட்டு எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததால் ஐந்து மாதப் பயிருக்கு நாற்று விட்டிருக்கிறேன்.’

தலைப்பு: ‘கடைமடையை எட்டியது காவிரி நீர்: விவசாயிகள் மகிழ்ச்சி’.

காற்றிரைச்சல் காரணமாக, பைட்டை அப்படியே போடாமல் காட்சியின் மேல் குரல் கொடுத்து, விவசாயியின் வார்த்தைகளைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது என்று முடிவானது. அவர் குரலே ஒளிபரப்பாகியிருந்தால் பார்ப்பவர்களாவது கேட்டிருப்பார்கள். ஸ்கிரிப்ட் என்னிடம் வந்தபோது மணி ஆறே முக்கால். படித்தேன், ஒப்புதல் கொடுத்தேன். கேட்கவில்லை.

ஏழு மணி அறிக்கையில் இரண்டாவது பகுதியில் செய்தி போனது. இருபது நிமிடத்தில் நிருபர் கூப்பிட்டார். “அண்ணே, அவரு வந்து சேரலைன்னுதானே சொன்னாரு? நீங்க சேர்ந்துடுச்சுன்னு போட்டிருக்கீங்களே.” அப்போதுதான் ஹெட்போனை எடுத்து மாட்டினேன். முதல் முறை கேட்டபோது எனக்கே ‘ல’ கேட்கவில்லை. இரண்டாவது முறை ஒலியைக் கூட்டிக் கேட்டபோது, காற்றுக்குள் அமுங்கி, மெல்லியதாக இருந்தது.

அந்த இரவு எடுத்த முடிவுகள்

முதலில் செய்தியை எல்லா இடங்களிலிருந்தும் எடுத்தோம். ஸ்க்ரோல் ஓடிக்கொண்டிருந்தது, யூடியூபில் தனித் துண்டாகவும் ஏறியிருந்தது. அந்தத் துண்டு அதற்குள் உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்திருந்தது. அதைத் திரும்ப வாங்க வழியே இல்லை.

திருத்தம் எப்படி வெளியிடுவது என்பதில் வாக்குவாதம் வந்தது. ஸ்க்ரோலில் ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் போதும் என்றார் மேலே இருந்தவர். தவறு எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் போனதோ, திருத்தமும் அப்படியே போகட்டும் என்று நான் நின்றேன். காரணம் எளிமையானது. அந்த ஊரில் ஏழு மணிச் செய்தி பார்ப்பவர் ஏழு மணிச் செய்திதான் பார்ப்பார். மறுநாள் ஏழு மணிக்கு அதே இடத்தில், விவசாயியின் சொந்தக் குரலில், காற்றிரைச்சலோடு முழுப் பைட்டையும் போட்டோம். கீழே அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினோம். முந்தைய நாள் தவறாக வெளியிட்டதையும், அது பேச்சை எழுத்தாக்கும் கருவியில் தொடங்கி எங்கள் சரிபார்ப்பில் தப்பியதையும் வாசிப்பாளர் சொன்னார். கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நிர்வாகத்தில் சிலர் தயங்கினார்கள். கருவி இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று டெஸ்க்கில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னதால் அந்த வரியை நீக்கவில்லை.

மறுநாள் காலையில் நிருபர் விவசாயியின் வீட்டுக்கே போனார். நானும் தொலைபேசியில் பேசினேன். அவர் கோபப்படவில்லை. “நான் அப்படியா தம்பி சொன்னேன்? ஊர்ல எல்லாரும் என்னையத்தான் கேக்குறாங்க” என்றார். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், ‘வந்துவிட்டது’ என்று ஒரு விவசாயி டிவியில் சொன்னால், அதே வாய்க்காலை நம்பியிருக்கும் மற்றவர்களின் புகார் பொய்யாகிவிடும். பக்கத்து வயல்காரர்கள் அவர் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு வேண்டி அவர் மாற்றிச் சொன்னதாகப் பேச்சு கிளம்பியிருக்கிறது. எங்களுக்கு இது ஒரு பிழை. அவருக்கு ஊரில் இத்தனை வருடம் சேர்த்த பெயர்.

பிழை எப்படி வந்தது

அடுத்த வாரம் உட்கார்ந்து படி படியாகப் பார்த்தோம். அந்தப் பொத்தானை அழுத்தி, முதல் கட்ட எழுத்தை எடுத்தோம். அது இப்படி இருந்தது: ‘எங்க வாய்க்காலுக்கு வந்து சேர நாத்து விட்டு வச்சிருக்கேன் அஞ்சு மா’.

தமிழில் மறுப்பு வினையின் வாலில் உட்கார்கிறது. எழுதும்போது ‘சேரவில்லை’ என்று மூன்றெழுத்து கூடுதலாக நிற்கும், தவற வாய்ப்பு குறைவு. பேசும்போது அது ‘சேரல’ ஆகி ஒற்றை ‘ல’வாகச் சுருங்கிவிடுகிறது. வாக்கியத்தின் கடைசியில், மூச்சு இறங்கும் இடத்தில், குரல் தாழும் இடத்தில் வருகிறது. காற்று அதை அடித்துக்கொண்டு போனால் மிஞ்சும் ‘சேர’ அர்த்தமில்லாத சொல்லாகவும் இருக்காது. ‘வந்து சேர, நாற்று விட்டேன்’ என்று ஒழுங்கான தமிழாகவே நிற்கும். இரண்டாம் கட்டம் அதை எடுத்து ‘வந்து சேர்ந்ததால்’ என்று நிரப்பியது. மூன்றாம் கட்டம் ‘மகிழ்ச்சி’யைச் சேர்த்தது. அந்தச் சொல்லை யாரும் பேசவில்லை. தண்ணீர் வந்த செய்தி என்றால் மகிழ்ச்சி என்று எழுதுவது நம் வழக்கம், அந்த வழக்கத்தைக் கருவி கற்றிருக்கிறது.

‘அஞ்சு மா’ விஷயம்தான் என்னை அதிகம் வருத்தியது. மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. டெல்டாவில் நிலத்தைப் பற்றி யார் பேசினாலும் மா கணக்குதான். கருவி அதை ‘ஐந்து மாத’ என்று எழுதியது. குறுவை ஏறக்குறைய நூற்றுப்பத்து நாள் பயிர். ஐந்து மாதக் குறுவை என்று ஒன்று கிடையாது. அந்த ஒரு சொல்லிலேயே நான் நின்றிருக்க வேண்டும். வாக்கியம் அவ்வளவு வழவழப்பாக இருந்ததால் கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் சொல்லாததை எழுதுவது எங்களுக்கு மட்டும் நடந்தது கிடையாது என்பதும் அப்போது தெரிந்தது. ஓப்பன்ஏஐயின் விஸ்பர் என்ற அப்படிப்பட்ட கருவி பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலப் பேச்சிலேயே நூற்றில் ஒரு ஒலித் துண்டு அளவுக்கு, பேசியவர் சொல்லாத சொற்றொடரோ முழு வாக்கியமோ சேர்ந்திருந்தது. பேச்சில் நீண்ட இடைவெளி விடுபவர்களிடம் அது கூடியது. கிராமத்தில் மைக் முன்னால் முதல்முறை நிற்கும் ஒருவர் இடைவெளி விட்டு விட்டுத்தான் பேசுவார்.

மாற்றியவை

பைட்டுகளுக்கு இரண்டாம் கட்டத்தையும் தலைப்பு எழுதுவதையும் நிறுத்தினோம். திரையில் இப்போது கேட்டபடி எழுதிய கரடுமுரடான பேச்சுத் தமிழ் மட்டும்தான் வரும். பார்க்க அசிங்கமாக இருக்கும். அதனாலேயே படிப்பவர் ஹெட்போனைத் தேடுகிறார்.

ரன்டவுனில் ‘கேட்டவர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். பைட்டை முழுதாகக் கேட்ட உதவி ஆசிரியர் தன் பெயரெழுத்தைப் போட வேண்டும். காலியாக இருந்தால் நான் ஒப்புதல் தர முடியாது. முடியாதபடி மென்பொருளிலேயே கட்டச் சொன்னோம். அவசரத்தில் நானே அதைத் தாண்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

வினை முடியும் இடம், எண், ஊர்ப்பெயர் இந்த மூன்றையும் மட்டும் இன்னொருவரும் கேட்க வேண்டும் என்றும் வைத்தோம். மாவட்ட நிருபர்களிடம் அவரவர் வட்டாரச் சொற்களை எழுதித் தரச் சொன்னோம். நாகை நிருபர் அனுப்பிய பட்டியலில் முதல் சொல் ‘மா’.

இதில் எல்லாம் நன்றாகப் போகவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அக்டோபரில் ‘கேட்டவர்’ கட்டம் சுமையானது. நள்ளிரவுப் பணியில் ஒருவரே இருப்பார், இரண்டாவதாகக் கேட்க ஆள் இல்லை. ஒரு இரவு, கேட்காமலேயே பெயரெழுத்து போட்டதை ஒருவர் ஒப்புக்கொண்டார். அவரைத் தண்டிக்கவில்லை. அந்தப் பணி நேரத்துக்கு இன்னொரு ஆள் கேட்டோம், கிடைக்க இரண்டு மாதம் ஆனது.

டெஸ்க்கின் மூத்தவர் ஒருவர் தானே கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒரு நிமிஷத்துக்குள்ள இருக்கிற பைட்டுக்கு இது எதுக்குங்க? திருத்துற நேரத்துல நானே கேட்டு எழுதிருவேன்” என்றார். சில நாள் எல்லோரும் அப்படிச் செய்து பார்த்தோம். அவர் சொன்னது சரி. இப்போது குறும் பைட்டுகளுக்குக் கருவியைப் பயன்படுத்துவதில்லை. செய்தியாளர் சந்திப்பு, சட்டமன்றம், பொதுக்கூட்டம், நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர்கள் தரும் நீண்ட பேட்டி இவற்றுக்கு மட்டும்தான். வாங்கியபோது நினைத்ததற்கு நேர் மாறான இடத்தில் அது நிலைத்துவிட்டது.

நேயர்களின் கேள்விக்குச் செய்தியிலிருந்து பதில் சொல்லும் உரையாடல் செயலி ஒன்றும் அந்த ஆண்டுக் கடைசியில் பேச்சுக்கு வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியமும் பிபிசியும் 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வைக் கூட்டத்தில் வைத்தேன். 18 நாடுகளின் 22 பொது ஒலிபரப்பு நிறுவனங்கள், 14 மொழிகள், 3,000-க்கும் மேற்பட்ட பதில்கள். அவற்றில் 45 சதவீதத்தில் ஒரு பெரிய குறையாவது இருந்தது. அந்தத் திட்டம் இப்போதைக்கு நின்றிருக்கிறது.

இன்று தொடங்கினால்

கருவியை வாங்கும் முன்பே நிருபர்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பேன். சென்னையில் குளிரூட்டிய அறையில், செய்தி வாசிப்பாளரின் குரலை வைத்துச் செய்து காட்டியதைப் பார்த்து நாங்கள் தலையாட்டினோம். வாய்க்கால் கரையில், மீன் இறங்குதளத்தில், பஸ் நிலையத்தில் எடுத்த பழைய பைட்டுகளைக் கொடுத்துச் சோதித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வட்டாரச் சொல் பட்டியல் எழுதிய நிருபர்களுக்கு அதற்காகத் தனியாகப் பணம் கொடுத்திருக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை, கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பிழையையும் வெள்ளப் பிழையையும் சிரித்துவிட்டு விடாமல், அன்றே ஒரு நோட்டில் எழுதியிருப்பேன். ஒளிபரப்பாகாமல் தப்பிய பிழைக்கும் இப்போது ஒரு பக்கம் இருக்கிறது.

சம்பா நடவு நேரத்தில் நிருபர் அதே ஊருக்குப் போனார். அந்த விவசாயி டீ வாங்கிக் கொடுத்து, நன்றாகப் பேசி, மைக்கை நீட்டியதும் வேண்டாம் என்றுவிட்டார். வேறு சேனல்களுக்குப் பேசுகிறார்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிப்ரவரி முதல் ஜூன் வரை கருவி எழுதிய பைட்டுகளின் எழுத்து வடிவம் எங்கள் காப்பகத்தில் அப்படியே கிடக்கிறது. நாளை ஒருவர் தேடினால், பைட்டில் பேசியவர்கள் சொன்னதாக வருவது அந்த எழுத்துதான். கூட்டம் குறைந்த பிற்பகல்களில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு வந்திருக்கிறோம்.